காப்பை விற்பதற்கு முன்



எலுவன்குளத்திலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். வயது 41. உயரம் 5 அடி, நிறை 81 கிலோ. ஆறு வருடமாகச் சீனி வருத்தம். இரண்டு விதக் குளிசை போடுகிறார், இன்சுலின் ஊசி இன்னும் தொடங்கவில்லை. லண்டனில் இருக்கும் மதினி, "கொழும்பில் வயிற்றைச் சின்னதாக்கி விடுகிறார்களாம், சீனியும் போய்விடுமாம், காப்பை விற்றாவது செய்" என்கிறாராம். ஊரிலோ, "வாயைக் கட்ட ஏலாதவள் வயிற்றை வெட்டப் போகிறாள்" என்று சிரிக்கிறார்களாம். "நான் என்ன செய்ய?" என்று கேட்கிறார்.

முதலில் சிரிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இச்சகோதரி 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பமொன்றின் பிள்ளை. புத்தளத்துக்கு வந்த அக்குடும்பங்கள் வருடக்கணக்காக நிவாரண அரிசியிலும் கோதுமை மாவிலும் சீனியிலும் பருப்பிலும்தான் வயிறு வளர்த்தன. வளவுக் கீரை போய், பாணும் சீனித் தேநீரும் வந்தன. பயமும் நித்திரையின்மையும்கூட இரத்தத்தில் சீனியை ஏற்றும் ஓமோன்களைக் கூட்டுகின்றன. 2018-2019இல் நாடளாவிய ரீதியில் செய்த ஓர் ஆய்வில் இலங்கையின் வயது வந்தோரில் 23 வீதத்தினருக்கு நீரிழிவு காணப்பட்டது. இத்தனை பேரும் வாயைக் கட்டாதவர்களா?

இனி மதினி சொன்ன விஷயம். இந்தச் சத்திரசிகிச்சையில் இரண்டு முறைகள் அதிகம் செய்யப்படுகின்றன. ஒன்றில் இரைப்பையின் பெரும்பகுதியை, ஏறத்தாழ முக்கால் பங்குக்கு மேல், வெட்டி எடுத்துவிட்டு மீதியை வாழைப்பழம் போன்ற குழாயாக விடுகிறார்கள். மற்றதில், இரைப்பையின் மேல்முனையில் முட்டையளவு பையொன்றை மட்டும் பிரித்து, அதை நேரே சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு பொருத்துகிறார்கள். இது மாற்றுவழிச் சத்திரசிகிச்சை.

கொஞ்சமாகச் சாப்பிடுவதால் மெலிகிறார்கள், மெலிவதால் சீனி குறைகிறது என்றுதான் முன்பு நினைத்தார்கள். ஆனால் 1995இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் வோல்டர் போரிஸ் என்ற சத்திரசிகிச்சை நிபுணரும் அவரது குழுவினரும், மாற்றுவழி செய்த நோயாளரின் சீனி, நிறை இறங்குவதற்கு முன்பே, சில நாட்களுக்குள் இறங்கியதை எழுதினார்கள். உணவு சிறுகுடலின் கீழ்ப்பகுதியை விரைவாகப் போய்ச் சேரும்போது குடல் ஒரு ஓமோனை அதிகமாகச் சுரக்கிறது. அது கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டுகிறது, பசியையும் அடக்குகிறது. குழாய் முறையில் பசியைத் தூண்டும் ஓமோன் சுரக்கும் பகுதியே பெரும்பாலும் எடுபட்டுப் போகிறது. உணவு திடீரெனக் குறைவதால் ஈரலில் படிந்த கொழுப்பும் முதல் நாட்களிலேயே கரையத் தொடங்குகிறது. இன்று பெரிதாகப் பேசப்படும் செமக்ளுடைட் ஊசியும் அந்தக் குடல் ஓமோனைப் போலச் செய்த மருந்துதான்.

ஆகவே மதினி பொய் சொல்லவில்லை. பாதிதான் சொல்லியிருக்கிறார். சுவீடனில் நீண்டகாலம் நடந்த ஆய்வொன்றில், சத்திரசிகிச்சை செய்துகொண்ட நீரிழிவுக்காரரில் 72 வீதத்தினருக்கு இரண்டு வருடத்தில் சீனி வழமைக்கு வந்திருந்தது. பத்து வருடத்தில் அது 36 வீதமாகக் குறைந்தது. சீனி பலருக்குத் திரும்பி வருகிறது. வருத்தம் தொடங்கிச் சில வருடங்களே ஆனவர்களுக்கும் இன்சுலின் போடாதவர்களுக்கும் பலன் கூட. அதே ஆய்வில் சத்திரசிகிச்சை செய்த பெண்களிடையே புற்றுநோயும் குறைவாக இருந்தது. ஆண்களிடம் அப்படிக் காணப்படவில்லை. ஆபத்தும் இல்லாமலில்லை. 2009இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 4,776 பேரில், முப்பது நாட்களுக்குள் ஆயிரத்துக்கு மூன்று பேர் இறந்தார்கள்.

நான் இச்சகோதரிக்கு அழுத்திச் சொல்ல விரும்புவது தையல் காய்ந்த பிறகு வரும் காலத்தைப் பற்றி. இரும்புச்சத்து, கல்சியம், விற்றமின் பி12, விற்றமின் டி என்பவற்றை ஆயுள் முழுவதும் எடுக்க வேண்டும். வருடா வருடம் இரத்தம் சோதிக்க வேண்டும். கலா ஓயா பெருகி வீதி தண்ணீருக்குள் போகும் காலத்துக்கும் சேர்த்து அந்தக் குளிசைகள் வீட்டில் இருக்க வேண்டும். பி12 குறைந்தால் கால் விறைக்கும், அதைச் சீனியால் வந்த விறைப்பென்று நினைத்து விட்டுவிடுவார்கள். விடாமல் வாந்தி எடுத்தால் விற்றமின் பி1 குறைந்து மூளையும் நரம்பும் பாதிக்கப்படலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், முதலில் சத்திரசிகிச்சை செய்ததைச் சொல்லுங்கள். கிளினிக் கொப்பியின் முதற் பக்கத்தில் அதை எழுதியும் வையுங்கள்.

சீனிக் குளிசையையும் பிரஷர் குளிசையையும் பழைய அளவிலேயே போட்டுக்கொண்டிருந்தால் மயங்கி விழ நேரிடும். வைத்தியர் அளவைக் குறைத்துத் தருவார். சீனி போட்ட பானங்களைக் குடித்தால் சிலருக்கு வியர்த்து நெஞ்சு படபடக்கும். தண்ணீரை மிடறு மிடறாகத்தான் குடிக்க முடியும் என்பதால், முதல் வருடத்தில் நோன்பு பிடிப்பது பற்றி வைத்தியரிடம் கேட்காமல் முடிவு செய்ய வேண்டாம். நிறை குறைந்தால் பிள்ளை தங்கும் வாய்ப்பும் கூடும், ஆனால் பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதம் வரை கருத்தரிக்கக் கூடாது. மாற்றுவழி செய்தவர்களுக்குக் கருத்தடைக் குளிசை சரியாக உடலில் சேராமல் போகலாம். வேறு முறையைக் குடும்பநல மாதுவிடம் கேளுங்கள். நாற்பதைத் தாண்டியவர்தானே என்று இதை விட்டுவிட வேண்டாம்.

சரி, இச்சகோதரிக்குப் பொருந்துமா? அவருடைய உடற்திணிவுச் சுட்டி 35. ஆசியர்களுக்கு 27.5இலிருந்தே யோசிக்கலாம் என்று 2022இல் உலக நிபுணர் சங்கங்கள் வழிகாட்டல் வெளியிட்டுள்ளன. வருத்தம் தொடங்கி ஆறே வருடம், இன்சுலினும் இல்லை. எனவே கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் தனியார் வைத்தியசாலையில் பணம் கட்டுவதற்கு முன் புத்தளம் ஆஸ்பத்திரியின் நீரிழிவுக் கிளினிக்குக்குப் போங்கள். மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் இரத்தப் பரிசோதனையும் தைரொயிட் பரிசோதனையும் செய்யக் கேளுங்கள். கொழும்பின் அரச போதனா வைத்தியசாலைகளிலும் இச்சத்திரசிகிச்சை செய்கிறார்கள், அங்கே அகஞ்சுரப்பியியல் நிபுணரிடம் காட்டக் கடிதம் வாங்குங்கள். காத்திருக்க வேண்டி வரலாம். அந்த மாதங்களில் சோற்றைக் குறைத்து மீனையும் கீரையையும் கூட்டி, தேநீரில் சீனியை நிறுத்திப் பாருங்கள். சத்திரசிகிச்சைக்கு முன் அவர்களும் இதைத்தான் செய்யச் சொல்வார்கள்.

நிபுணரைக் காணும்போது ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள்: "ஐந்து வருடம் கழித்து என் இரத்தத்தை யார் சோதிப்பார்கள், எங்கே?" என்ன பதில் சொன்னார்கள் என்று எங்களுக்கும் எழுதுங்கள். அதுவரை காப்பு கையிலேயே கிடக்கட்டும்.