வண்ணப்பூச்சின் அடியில் என்ன இருக்கிறது?



இங்கிலாந்தில் வாழும் நம் வாசகர் ஒருவர் கடந்த வாரம் நீண்ட கடிதம் ஒன்றை அனுப்பியிருந்தார். தம்மிடமுள்ள பழைய ஸ்போர்ட்ஸ் காரைக் கொடுத்துவிட்டு, அதற்கு ஈடாக இன்னொரு பழைய ஸ்போர்ட்ஸ் காரைப் பெற்றுக்கொள்ளலாமா, வேண்டாமா என்பதே அவருடைய கேள்வி. பெயரையும் ஊரையும் தவிர்த்து எழுதுவதற்கு அவரே இசைவு தந்திருக்கிறார். இத்தகைய கேள்விக்கு ஒரு போதகர் பதில் சொல்ல வேண்டுமா என்று உங்களில் சிலர் நினைக்கலாம். கொடுக்கல் வாங்கலைப் பற்றி வேதம் பேசுகிற அளவில் பத்தில் ஒரு பங்குகூட நாம் பிரசங்க பீடத்தில் பேசுவதில்லை என்பது என் எண்ணம். எருதும் கழுதையும், படிக்கல்லும் மரக்காலும், வயலும் திராட்சத்தோட்டமும் பரிசுத்த வேதாகமத்தில் இடம்பெற்றிருக்கும்போது கார் மட்டும் ஏன் விலக்கப்பட வேண்டும்?

சகோதரரிடம் இருப்பது 1971ஆம் ஆண்டின் எம்.ஜி.பி. ரோட்ஸ்டர். கூரையில்லாத, இருவர் அமரும் கார். 1962 முதல் 1980 வரை ஆபிங்டன் நகரத் தொழிற்சாலையில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட எம்.ஜி.பி.கள் உருவாயின. நான்கு சிலிண்டர்களும் 1798 சி.சி. கொள்ளளவும் கொண்ட எளிய இன்ஜின். கைத்தேர்ச்சியுள்ள எவரும் வீட்டு முற்றத்திலேயே பிரித்துப் பூட்டிவிடலாம். உதிரிபாகங்களுக்கு இன்றும் குறைவில்லை. அவர் விரும்புவதோ 1973ஆம் ஆண்டின் டிரையம்ப் டி.ஆர்.6. கவென்ட்ரியில் 1968இன் பிற்பகுதியிலிருந்து 1976 வரை தயாரானது. ஆறு சிலிண்டர்கள், 2498 சி.சி., பிரிட்டிஷ் சந்தைக்கு வந்த வண்டிகளில் கார்புரேட்டருக்குப் பதிலாக லூகாஸ் பெட்ரோல் இன்ஜெக்ஷன். அதன் வெளித்தோற்றத்தைத் திருத்தி அமைத்தது ஜெர்மனியின் கார்மன் நிறுவனம். எண்ணிக்கையில் குறைவு, வேகத்தில் மிகுதி, விலையிலும் மிகுதி. ஆகவே தம் வண்டியோடு மேலே ஒரு தொகையும் தருவதாகச் சகோதரர் பேசி முடித்திருக்கிறார். டி.ஆர்.6இன் உரிமையாளர் எழுபது வயதைக் கடந்த பெரியவர். கோடைக்காலத்தில் பேத்தியை அருகில் அமர்த்தி ஓட்டுவதற்கு இலகுவான வண்டி ஒன்று வேண்டுமென்று அவர் விரும்புகிறாராம்.

இப்படிப்பட்ட வண்டியை வைத்திருப்பதே பாவம் அல்லவா, அந்தப் பணத்தை ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகவே பதில் சொல்வேன். பெத்தானியாவில் தைலக்குப்பி உடைந்தபோது அந்தக் கேள்வியை எழுப்பினவன் யார் என்பதை நினைத்துப் பாருங்கள். கடன் வாங்காமல், குடும்பத்தைப் பட்டினி போடாமல், காணிக்கையில் கைவைக்காமல் ஒருவர் ஓய்வு நேரத்தில் பழைய இயந்திரத்தைப் பேணுகிறார் என்றால், அதில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எந்தக் கார் சிறந்தது என்பதற்கும் அந்த வண்டிகளை ஓட்டிப் பார்த்தவர்களே பதில் சொல்லட்டும்.

என்னை நிறுத்தியது கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், போகிற போக்கில் எழுதப்பட்ட ஒரு வாக்கியம். இடப்பக்கத்து சில்லில் பழைய துரு இருப்பதாகவும், முந்தைய உரிமையாளர் அதன்மேல் தகடு ஒட்டிப் பட்டி பூசி வண்ணம் அடித்திருந்ததாகவும், நான்கு ஆண்டுகளுக்கு முன் அதைக் கண்டுபிடித்தபோது செலவுக்கு அஞ்சித் தாமும் அப்படியே மறுபடி வண்ணம் அடித்துவிட்டதாகவும் எழுதிவிட்டு, "அவர் இதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை" என்று முடித்திருந்தார்.

கார்களைப் பற்றி அறியாதவர்களுக்காகச் சற்று விளக்குகிறேன். சில் என்பது கதவுக்குக் கீழே, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே பெட்டிபோல் ஓடுகிற தகட்டுப் பகுதி. பார்வைக்கு அது ஓர் ஓரப்பட்டை. ஆனால் எம்.ஜி.பி.க்குத் தனியான சேசிஸ் கிடையாது. உடற்கூடே முழுப் பாரத்தையும் சுமக்கிறது. ரோட்ஸ்டரில் கூரையும் இல்லாததால், வண்டியின் நடுப்பகுதி மடங்காமல் காக்கிற பொறுப்பு பெருமளவில் இந்த இரு சில்களின்மேல் விழுகிறது. அதனுள்ளே வெளித்தகடு, உள்தகடு, இரண்டுக்கும் நடுவில் ஒரு தகடு என்று அடுக்கடுக்காக இருக்கும். முறையாகப் பழுதுபார்ப்பதென்றால் முன்மட்கார்டின் அடிப்பகுதியையும் வெட்டியெடுத்து, உடற்கூடு தொய்ந்துவிடாதபடி முட்டுக்கொடுத்து, துருப்பிடித்ததையெல்லாம் அகற்றி, புதுத் தகடுகளை வெல்டிங் செய்ய வேண்டும். முட்டுக்கொடுக்காமல் வெட்டினால் கதவு பின்னர் சரியாக மூடாது. இவ்வளவு பாடுபட மனமில்லாதவர்கள் துருவின்மேலேயே ஒரு மூடுதகட்டை வைத்து, பட்டி பூசி, தேய்த்து, வண்ணம் அடித்துவிடுவார்கள். வெளியே கண்ணாடிபோல் மின்னும். உள்ளே மழைநீரும், குளிர்காலத்தில் சாலையில் தூவப்படும் உப்பும் தங்கள் வேலையைத் தொடர்ந்து செய்துகொண்டிருக்கும்.

எசேக்கியேல் தீர்க்கதரிசியின் 13ஆம் அதிகாரத்தை வாசித்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இராது. ஒருவன் உறுதியில்லாத சுவரை எழுப்புகிறான். மற்றவர்கள் வந்து அதன்மேல் சாந்து பூசுகிறார்கள். மழையும் கல்மழையும் புயலும் வரும்போது சாந்து கரைந்து, அஸ்திபாரம் வெளியே தெரிகிறது. தேவன் அங்கே சுவரைக் கட்டினவனைவிடப் பூசினவர்களோடு அதிகமாய் வழக்காடுகிறார் என்பதைக் கவனியுங்கள். அந்தப் பகுதி கள்ளத் தீர்க்கதரிசிகளைப் பற்றியது; காரைப் பற்றியதல்ல. அதை நான் மறக்கவில்லை. ஆயினும் சமாதானமில்லாத இடத்தில் சமாதானம் என்று சொல்வதும், பலமில்லாத தகட்டைப் பலமுள்ளதாகக் காட்டுவதும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்தாம்.

பணம் கொடுத்து வாங்குவதற்கும் வண்டிக்கு வண்டி மாற்றிக்கொள்வதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. பொருளைக் குறைசொல்லி விலையைத் தாழ்த்திவிட்டு, வீட்டுக்குப் போகிற வழியில் தன் சாமர்த்தியத்தை மெச்சிக்கொள்கிற வாங்குபவனை நீதிமொழிகள் 20ஆம் அதிகாரம் நம் கண்முன் நிறுத்துகிறது. விற்பவனுடைய கள்ளத் தராசையோ அதே புத்தகம் 11ஆம் அதிகாரத்தில் கண்டிக்கிறது. மாற்றிக்கொள்ளும்போது ஒரே மனிதன் ஒரே மேசையில் வாங்குபவனாகவும் விற்பவனாகவும் அமர்ந்திருக்கிறான். பிறனுடையதைத் தாழ்த்தவும், தன்னுடையதை உயர்த்தவும், இரு சோதனைகளும் ஒருசேர வருகின்றன. நேர்ந்துகொண்ட மிருகத்தை வேறொன்றோடு மாற்றக் கூடாது, நல்லதுக்குக் கெட்டதை மட்டுமல்ல, கெட்டதுக்கு நல்லதையும் மாற்றக் கூடாது என்று லேவியராகமம் 27ஆம் அதிகாரம் கட்டளையிடுவது ஏன் என்று நான் சிந்தித்ததுண்டு. மாற்றத் தொடங்கிவிட்ட மனிதனுக்கு, தனக்கு ஆதாயமான கணக்கு எப்படியோ கிடைத்துவிடும் என்பதைக் கர்த்தர் அறிந்திருந்தார் போலும்.

"தனிநபர் விற்பனையில் வாங்குபவரே சோதித்து வாங்க வேண்டும், இதுதானே அந்நாட்டு வழக்கம்?" என்று சிலர் சொல்வார்கள். பொய் சொல்லக் கூடாது, கேட்ட கேள்விக்குத் தவறான பதில் தரக் கூடாது. ஆனால் கேட்காத குறையைத் தானாக முன்வந்து சொல்லும் கடமை பொதுவாகத் தனிநபர் விற்பனையாளருக்கு இல்லை என்பது உண்மையே. ஆனால் சாலையில் ஓடத் தகுதியற்ற நிலையிலுள்ள வண்டியை விற்பதும் கைமாற்றுவதும் குற்றம் என்று 1988ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் சொல்வதையும் அவர்கள் சேர்த்துச் சொல்ல வேண்டும். சகோதரரின் சில் அந்த அளவுக்குப் போய்விட்டதா என்பது எனக்குத் தெரியாது. நான்கு ஆண்டுகளாக அதைத் திறந்து பார்க்காததால் அவருக்கும் தெரியாது. 2018ஆம் ஆண்டு மே மாதம் முதல், 40 ஆண்டுகளைக் கடந்து பெரிய மாற்றங்களுக்கு உட்படாத கார்களுக்கு எம்.ஓ.டி. என்னும் ஆண்டுப் பரிசோதனை அங்கே கட்டாயமில்லை. முன்பு ஒவ்வோர் ஆண்டும் பரிசோதகர் ஒருவர் வண்டியின் அடியில் விளக்கைப் பிடித்து இந்த இடத்தைத்தான் பார்ப்பார். இப்போது அந்த விளக்கு உரிமையாளரின் கையில் இருக்கிறது. கட்டாயம் நீங்கினாலும் வண்டியைத் தகுதியான நிலையில் வைத்திருக்கும் பொறுப்பு நீங்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டியிருக்கிறது. இங்கிலாந்தில் ஓட்டுநர் வலப்புறம் அமர்கிறார். பேத்தி அமரப்போவது இடப்புறம்.

ஆகவே என் கருத்தில் ஐயமில்லை: அவர் கேட்கும்வரை காத்திராமல் நீங்கள் சொல்ல வேண்டும். பொதுவாகப் "பழைய வண்டிதானே, அங்கங்கே துரு இருக்கும்" என்று சொல்வது போதாது; அது உண்மையைச் சொல்வதுபோல் உண்மையை மறைக்கிற பேச்சு. எந்தப் பக்கம், எந்த இடம், எப்போது கண்டீர்கள், அதன்மேல் என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள். பழைய புகைப்படங்கள் இருந்தால் அனுப்பிவையுங்கள். இதனால் மேலே கொடுக்க வேண்டிய தொகை கூடலாம். பேச்சே முறிந்துபோகலாம். ஆபிரகாம் மக்பேலா நிலத்துக்கு 400 சேக்கல் வெள்ளியை நகரவாசலில் எல்லாரும் காண நிறுத்துக் கொடுத்தார். அதிக விலை என்று சொல்லும் வேத அறிஞர்கள் உண்டு. ஆனால் அந்தக் கொடுக்கல் வாங்கலைப் பற்றிப் பின்னாளில் யாரும் வாய் திறக்க இடமிருக்கவில்லை.

அந்தப் பெரியவரும் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் இருக்கலாமே என்று நீங்கள் கேட்பது நியாயம். டி.ஆர்.6க்குத் தனி சேசிஸ் உண்டு. எனவே மேலே உடற்கூடு புத்தம்புதிதாகத் தோன்றும்போதே கீழே சேசிஸ் இற்றுப்போயிருக்கலாம். குறிப்பாகப் பின்சக்கரங்களைத் தாங்கும் கைகள் பொருந்துகிற இடங்களில் துரு பிடிக்கும். டிஃபரென்ஷியலைத் தாங்கும் பிடிப்புகளில் விரிசல் விழுவதும் அவ்வண்டிக்குப் பழகிப்போன நோய் என்று அதை அறிந்தவர்கள் எழுதுகிறார்கள். கேளுங்கள், கேட்பது அவநம்பிக்கை ஆகாது. இரண்டு வண்டிகளையும் ஒரே பணிமனையில் லிஃப்டில் ஏற்றி, இருவருக்கும் பொதுவான ஒருவர் சோதிக்கட்டும். ஆனால் அவர் சொல்வதற்கு முன் நீங்கள் சொல்லிவிடுங்கள். பிறர் நமக்குச் செய்ய வேண்டுமென்று விரும்புவதை நாம் அவர்களுக்குச் செய்ய வேண்டுமென்று ஆண்டவர் போதித்தபோது, அவர்கள் முந்திக்கொள்ளட்டும் என்று காத்திருக்கச் சொல்லவில்லை.

இனி, மாற்றிக்கொள்ளலாமா என்ற முதற்கேள்விக்கு வருகிறேன். சகோதரரே, உங்கள் கடிதத்திலுள்ள தேதிகளை இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன். துருவை நீங்கள் கண்டது நான்கு ஆண்டுகளுக்கு முன், இலையுதிர் காலத்தில். டி.ஆர்.6 விளம்பரங்களைத் தேடத் தொடங்கியது அடுத்து வந்த வசந்தத்தில். அதற்கு முந்தைய ஆண்டுகளில் எம்.ஜி.பி.யின்மேல் உங்களுக்கு இருந்த பிரியத்தைப் பற்றி ஒரு முழுப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அதன்பின் அந்த வண்டியைப் பற்றி நல்ல வார்த்தை ஒன்றுகூட இல்லை. ஆறு சிலிண்டர் இன்ஜினின் ஓசையை நீங்கள் விரும்பவில்லை என்று சொல்லமாட்டேன். ஆனாலும் நீங்கள் போய்ச் சேர விரும்புகிற வண்டியைவிட, விட்டு விலக விரும்புகிற வண்டியே உங்கள் நினைவில் பெரிதாக நிற்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. (சபை மாறுகிறவர்கள் சிலரிடமும் இதையே கண்டிருக்கிறேன். அதைப் பற்றி வேறொரு வாரம் எழுத வேண்டும்.)

நாபோத்திடம் ஆகாப் கேட்டதும் ஒரு மாற்றுதான். இதைவிட நல்ல தோட்டம் தருகிறேன், அல்லது உரிய விலை தருகிறேன் என்றான். பேச்சின் அளவில் அது அநியாயமான பேரம் அல்ல. ஆனால் கிடைக்கவில்லை என்றதும் அரசன் கட்டிலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு, போஜனம் வேண்டாமென்று படுத்துவிட்டான். தேசம் முழுவதும் இருந்தவனுக்கு ஒரு கீரைக்கொல்லை இல்லாமல் சோறு இறங்கவில்லை. ஒரு பொருளின்மேல் நமக்குள்ள ஆசையின் அளவு, அது கிடைக்காமல் போகக்கூடும் என்ற நாளில்தான் தெரியும். உண்மையைச் சொன்னால் டி.ஆர்.6 கைநழுவிவிடுமே என்ற எண்ணம் உங்கள் உறக்கத்தைக் கெடுக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

என் ஆலோசனை இதுதான். மேலே கொடுக்கவிருந்த தொகையை எடுத்து முதலில் அந்தச் சில்லை முறையாகச் செய்துவிடுங்கள். ஒரு கோடைக்காலம் எம்.ஜி.பி.யை மன உறுத்தல் இல்லாமல் ஓட்டுங்கள். அதன்பின்னும் டி.ஆர்.6 வேண்டுமென்று தோன்றினால், தாராளமாக மாற்றிக்கொள்ளுங்கள், தடுக்கமாட்டேன். அந்தப் பெரியவருடைய வண்டி அதற்குள் போய்விட்டால் வேறொன்று கிடைக்கும்; தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்டவை தயாராகியிருக்கின்றன. மாறாக, உண்மையைக் கேட்டபின்னும் இப்போதே மாற்றிக்கொள்ள அவர் மனமுவந்து சம்மதித்தால், அது அவருடைய தீர்மானம். ஆனால் பழுதுபார்க்காமல் அந்தக் குழந்தையை அதில் ஏற்ற வேண்டாம் என்று வெளிப்படையாகவே கேட்டுக்கொள்ளுங்கள்.

வருகிற சனிக்கிழமை காலை பெரியவர் எம்.ஜி.பி.யைப் பார்க்க வருகிறாராம். அதுவரை காத்திராமல், அவர் பயணம் புறப்படுமுன் தொலைபேசியில் அழைத்துச் சொல்லும்படி சகோதரருக்கு நேற்று எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. பிரியமானவர்களே, இந்த வாரம் உங்கள் குடும்ப ஜெபத்தில் இருவரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.