கீதபவனி யாருடைய வாசலுக்கு?



பிலிப்பைன்ஸ் நாட்டில் டிசம்பர் 16 முதல் 24 வரை குடும்பம் குடும்பமாக விடியுமுன்னே ஆலயத்தில் கூடுகின்றனர். வயலுக்குச் செல்லும் உழவரும் பங்குபெற ஏற்பட்ட நேரம் அது. மதுரையில் நம் கீதபவனியோ காணிக்கைப் பட்டியலோடு புறப்படுகிறது. கேக்கும் காப்பியும் காத்திருக்கும் வீட்டில் நான்கு பாடல்கள்; குடிசைத் தெருவில் வண்டி நிற்பதுமில்லை. இது தகுமா?

“தர்ம காரியத்துக்குப் பணம் வேண்டாமா?” என்பீர்கள். காணிக்கையை ஆலயத்திலே படைக்கலாமே! பெத்லகேமில் தேவதூதர் பாடியது செல்வர் மாளிகையில் அன்று. இராவிலே மந்தை காத்த மேய்ப்பர் நடுவில். நம் ஊரைச் சூழ்ந்த அறுவடை வயல்களில் ஆட்டுக்கிடை போட்டு விழித்திருப்போரும் அத்தகையோரே.

இவ்வாண்டு எவரும் அழைக்காத வாசலில் முதற்பாடலைப் பாடுங்கள். கர்த்தர் தாமே அதற்குக் கிருபை செய்வாராக. ஆமென்.