ஒன்பது ஆண்டு இரகசியமும் 221 ஆண்டு தூசியும்

1717ஆம் ஆண்டு சாக்சனியின் ஆட்சியாளரும் போலந்து மன்னருமான இரண்டாம் அகஸ்டஸ் பிரஷ்ய மன்னருக்கு 600 படைவீரர்களைக் கொடுத்தார். பதிலுக்கு 151 சீனப் பீங்கான் கலங்களைப் பெற்றார். ஒரு கலத்துக்கு ஏறத்தாழ நான்கு மனிதர்கள். அவற்றுள் உயரமான சாடிகளுக்கு இன்றும் 'டிராகூன் சாடிகள்' என்றே பெயர். டிராகூன் என்றால் குதிரைப்படை வீரன். சாடிகளை டிரெஸ்டன் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். அந்த 600 பேரில் ஒருவருடைய பெயர்கூட அந்தப் பெயரில் இல்லை.

ஐரோப்பியப் பீங்கானின் வரலாற்றை இந்த மன்னரின் ஆசையிலிருந்துதான் வழக்கமாகத் தொடங்குவார்கள். நான் அதை வேறொரு கேள்வியோடு படிக்கிறேன். இந்தத் தொழிலில் எந்த அறிவு வேகமாகப் பரவியது? எந்த அறிவு கண்ணெதிரே கிடந்தும் நகரவே இல்லை?

ஐரோப்பா பீங்கானைக் 'கண்டுபிடித்தது' என்று எழுதுவதே முதலில் தவறு. சீனாவில் அது பல நூற்றாண்டுகளாகச் செய்யப்பட்டுவந்தது. ஜிங்டெசென் நகரில் இருந்த பிரெஞ்சுப் பாதிரியார் தான்ட்ரகோல் 1712இலும் 1722இலும் எழுதிய கடிதங்களில் அந்தத் தொழிலை விரிவாக விவரித்தார். அவருக்கு விவரம் சொன்னவர்களில், அங்கே சூளைகளில் வேலை பார்த்த, கிறித்தவர்களாகிவிட்ட சீனத் தொழிலாளர்களும் உண்டு. ஒரு கலம் முடிவதற்குள் எழுபது பேரின் கைகளைக் கடக்கிறது என்று கேள்விப்பட்டதை அவர் எழுதுகிறார். பார்வையற்றவர்களும் உடல் ஊனமுற்றவர்களும் வண்ணம் அரைத்துப் பிழைத்தார்கள் என்றும் எழுதுகிறார். கடிதங்கள் ஐரோப்பாவில் அச்சாகின, பாதிரியாரின் பெயர் நிலைத்தது. அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் 'தொழிலாளர்கள்' என்ற ஒரே சொல்லுக்குள் முடிந்துபோனார்கள்.

சாக்சனியில் நடந்தது என்ன? தங்கம் செய்யத் தெரியும் என்று சொல்லிக்கொண்ட பொட்கர் என்ற இளைஞரை அகஸ்டஸ் 1701 முதல் காவலில் அடைத்துவைத்தார். தப்பி ஓடியபோது பிடித்துக் கொண்டுவந்தார். தங்கம் வரவில்லை. சிர்ன்ஹவுஸ் என்ற அறிஞரும் ஃபிரைபெர்க் சுரங்கப் பகுதியிலிருந்து வந்த தொழிலாளர்களும் அவரோடு சேர்ந்து உழைத்து, 1708இல் வெண்பீங்கானுக்கு வழி கண்டார்கள். அதே ஆண்டு சிர்ன்ஹவுஸ் இறந்தார். 1710 ஜனவரியில் ஆலை நிறுவப்பட்டது. பிறகு அது மைசென் நகரின் கோட்டைக்குள் வைக்கப்பட்டது. இரகசியம் வெளியே போகக் கூடாது என்பதே காரணம். பொட்கர் 1719இல், 37 வயதில் இறந்தார்.

கோட்டை வைத்தும் இரகசியம் நிற்கவில்லை. 1719இலேயே மைசெனின் கைவினைஞர் சாமுவேல் ஸ்டோல்செல் வியன்னாவுக்குப் போய்விட்டார். அங்கே இருந்த போட்டி ஆலை பீங்கான் செய்யத் தொடங்கியது. காவலும் கோட்டையும் போட்டுப் பூட்டிய அறிவு, ஆலை தொடங்கி ஒன்பது ஆண்டுகளில் அடுத்த நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. ஏனென்றால் அதை வாங்கக் காசோடு ஒருவர் காத்திருந்தார்.

இனி இங்கிலாந்துக்கு வருவோம். ஸ்டாஃபோர்ட்ஷையர் பகுதியில் மண்கலங்களை வெளுப்பாக்க, சிக்கிமுக்கிக் கல்லைச் சுட்டுப் பொடித்துக் களிமண்ணோடு சேர்ப்பார்கள். 1726இல் தாமஸ் பென்சன் என்பவர் அந்தக் கல்லை நீரில் வைத்து அரைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பழைய முறை ஏன் கூடாது என்பதை அந்த ஆவணமே சொல்கிறது. எவ்வளவு திடகாத்திரமானவரும் அந்த வேலையில் இரண்டு ஆண்டுக்கு மேல் உயிரோடு இருப்பது அரிது, மூச்சோடு உள்ளே போகும் தூசியே காரணம் என்கிறது. இதைச் சொல்வது தொழிற்சங்கத் துண்டறிக்கை அல்ல, அரசு முத்திரை பெற்ற ஆவணம்.

ஆக, மைசென் தொடங்கி 16 ஆண்டுகளுக்குள்ளேயே இந்தத் தூசி கொல்லும் என்பது எழுத்தில் பதிவாகிவிட்டது. எந்தக் கோட்டைக்குள்ளும் அது பூட்டப்படவில்லை. ஆனாலும் என்ன நடந்தது?

1790களில் ஸ்டாஃபோர்ட்ஷையரில் எலும்புப் பீங்கான் உருவானது. கலவையில் ஏறத்தாழ பாதி, மாட்டெலும்பைச் சுட்ட சாம்பல். முதல் சூளையில் கலம் இளகி வளைந்துவிடாமல் இருக்க, அதைச் சிக்கிமுக்கிப் பொடிக்குள் புதைத்துச் சுட்டார்கள். வெளியே வந்ததும் ஒட்டியிருக்கும் பொடியைத் தேய்த்து உதறியாக வேண்டும். அந்த வேலை பெண்களுடையது. அரைக்கும் இடத்தில் தண்ணீர் ஊற்றி அடக்கிய அதே தூசியை, இங்கே உலர்ந்த பொடியாகப் பெண்களின் முகத்துக்கு நேரே பறக்கவிட்டார்கள். கோப்பை எவ்வளவு வெள்ளையோ அவ்வளவு வெள்ளை அந்த அறையின் காற்றும்.

1863இல் வெளிவந்த குழந்தைத் தொழிலாளர் விசாரணை அறிக்கையில் அந்தப் பகுதியைச் சேர்ந்த வில்லியம் வுட் என்ற ஒன்பது வயதுச் சிறுவனின் வாக்குமூலம் இருக்கிறது. ஏழு வயது பத்து மாதத்தில் வேலைக்கு வந்தவன். காலை ஆறு மணி முதல் இரவு ஒன்பது மணி வரை, அச்சில் வார்த்த கலங்களை உலர்த்தும் அறைக்குச் சுமந்து போவதும் வெற்று அச்சுகளோடு திரும்பி ஓடுவதும் அவன் வேலை. அந்தத் தொழிலாளர்கள் வளர்ச்சி குன்றி, நெஞ்சுக்கூடு சிதைந்து, காலத்துக்கு முன்பே முதுமையடைந்து சாகிறார்கள் என்று வட்டார மருத்துவர் ஆர்லிட்ஜ் அதே விசாரணையில் சொன்னார். கார்ல் மார்க்ஸ் 'மூலதனம்' நூலில் இந்தச் சாட்சியங்களை எடுத்தாள்கிறார்.

பீங்கானைச் சிக்கிமுக்கிப் பொடியில் புதைத்துச் சுடுவதை பிரிட்டிஷ் சட்டவிதி தடை செய்தது 1947இல். பென்சனின் காப்புரிமையிலிருந்து 221 ஆண்டுகள்!

தீங்கில்லாத மாற்றுப் பொடி அப்போதுதான் கிடைத்தது என்று சிலர் சொல்லலாம். அலுமினாப் பொடி தாமதமாகத்தான் வந்தது, உண்மை. ஆனால் காற்றை இழுத்து வெளியேற்றும் பெரிய விசிறிகள் 19ஆம் நூற்றாண்டிலேயே நிலக்கரிச் சுரங்கங்களில் ஓடின. உலர்ந்த தூசி கொல்கிறது என்பதும் தெரிந்ததுதான். அறிவு இல்லாததால் அவர்கள் சாகவில்லை. அந்த அறிவால் யாருக்கும் இலாபம் இல்லை என்பதால் செத்தார்கள். பீங்கான் செய்முறைக்கு விலை இருந்தது, ஒற்றர்களும் இருந்தார்கள். தேய்ப்பவளின் நுரையீரலைக் காக்கும் வழியை எந்த ஆலையும் எந்த ஆலையிடமிருந்தும் திருடவில்லை.

இது பழங்கதை என்றும் யாரும் கடந்துவிட வேண்டாம். அதே சிலிக்கா தூசிதான் இன்று சமையல்மேடைகளுக்கான செயற்கைக் கற்பலகைகளை அறுப்பவர்களின் நுரையீரலை இறுக்குகிறது. இளம் தொழிலாளர்கள் பலர் சிலிக்கோசிஸ் நோய்க்கு ஆளான பிறகே, ஆஸ்திரேலியா 2024 ஜூலை முதல் நாளிலிருந்து அந்தக் கற்பலகைகளைத் தடை செய்தது.

மைசென் கலத்தைக் கவிழ்த்தால் அடியில் நீல நிறத்தில் குறுக்கிட்ட இரண்டு வாள்கள் தெரியும். அது ஆலையின் முத்திரை, சாக்சனி ஆட்சியாளரின் சின்னத்திலிருந்து எடுத்தது. கலத்தில் உரிமையாளருக்கு இடம் இருக்கிறது. பல நேரங்களில் ஓவியருக்கும் இருக்கிறது. கல் அரைத்தவருக்கும் பொடி தேய்த்தவளுக்கும் அச்சு சுமந்த சிறுவனுக்கும் இல்லை. அருங்காட்சியகங்கள் அந்தக் கண்ணாடிப் பெட்டிகளில் இன்னும் இரண்டு வரி சேர்க்கட்டும்: இதன் பொடியைத் தேய்த்தவர்கள் யார், அவர்கள் எந்த நோயில் இறந்தார்கள் என்று. மன்னரின் பெயரை எழுத இடம் கிடைத்த அட்டையில் இதற்கும் இடம் இருக்கும்.