பதினாலு கட்டமும் ஒரு மொய் நோட்டும்

செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போறீங்க. பையை இறக்கி வைக்கிறதுக்குள்ள அப்பா பரண்ல இருந்து நாலு நோட்டை எடுத்து முன்னால போடுறார். அட்டை கிழிஞ்சு, ஓரமெல்லாம் பூச்சி அரிச்ச மொய் நோட்டுகள். 'நீதான் கம்ப்யூட்டர் படிக்கிறியே... இதையெல்லாம் அதுல ஏத்திக் குடேன்!'

உடனே உங்களுக்குக் கை பரபரக்கும். எந்த டேட்டாபேஸ், எந்த லாங்வேஜ், லாகின் பக்கம் என்ன கலர்ல வைக்கலாம்னு மனசு ஓட ஆரம்பிக்கும். கொஞ்சம் பொறுங்க. நானும் அப்படித்தான் கிளம்பினேன். அதனால எங்க வீட்டில் ஒரு சொந்தமே விலகிப் போச்சு. முதலில் அந்தக் கதை. சாஃப்ட்வேர் எல்லாம் அப்புறம்.

இது 2009-ல் நடந்தது. நான் காலேஜில் கடைசி வருஷம். அப்போ ப்ராஜெக்ட் என்றாலே வி.பி. 6-ல் ஸ்கிரீன், பின்னால் ஆக்சஸ். அதே ஜோரில் அக்கா கல்யாண மொய்க்கும் ஒரு ஸ்கிரீன் போட்டேன். மொத்தம் பதினாலு கட்டம். பெயர், இனிஷியல், தெரு, தாலுகா, மாவட்டம், பின்கோடு, போன், இ-மெயில்... பின்கோடு போடாமல் 'சேவ்' அமுக்கினால் 'டங்'கென்று ஒரு சத்தம் வேற!

நானூறு பேர் எழுதின நோட்டு. அப்பா ஒற்றை விரலில் தட்டித் தட்டி அறுபது பேரை ஏற்றினார். அதுக்கு மேல முடியலை. 'பின்கோடுக்கு நான் எங்கடா போவேன்?' என்று எழுந்து போய்விட்டார்.

அடுத்த வருஷம் பெரியகுளத்துப் பெரியம்மா வீட்டில் கல்யாணம். அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அக்கா. 'நம்ம வீட்டுக்கு என்ன செஞ்சாங்கன்னு பாருடா'ன்னு அம்மா கேட்டாங்க. பெரியம்மா பேரைப் போட்டுத் தேடினேன். இல்லை. பெரியகுளம்னு ஊரைப் போட்டுத் தேடினேன். இல்லை. 'கம்ப்யூட்டர்லயே இல்லம்மா, ஒண்ணும் செய்யலை போல'ன்னு கெத்தா சொன்னேன். 501 ரூபாய் எழுதிட்டு வந்தோம்.

பெரியம்மா ஒரு வார்த்தை கேட்கலை. ஆனா எங்க வீட்டுக் காதுகுத்துக்கு ஆள் வரலை. தெரிஞ்சவர் ஒருத்தர் கையில் கவர் மட்டும் வந்தது. உள்ளே சரியாக 501.

அன்னிக்கு ராத்திரி அப்பா நோட்டைப் புரட்டினார். 'போடி' என்று ஊர் போட்டு, பெரியப்பா பெயரில் 2001 ரூபாய். பெரியப்பாவுக்குச் சொந்த ஊர் போடி. மொய் எப்பவும் ஆம்பளை பேர்ல, பூர்வீக ஊர் போட்டுத்தானே எழுதுவாங்க? அப்பா ஏற்றின அறுபதில் அதுவும் ஒன்று! தகவல் உள்ளேதான் இருந்தது. பதினாலு கட்டம் வைத்த எனக்கு, 'இவங்களை நாம என்னன்னு கூப்பிடுவோம்?' என்ற ஒரு கட்டம் வைக்கத் தோணலை.

மொய் எழுதுறவர்தான் குரு

டேட்டாபேஸில் இரண்டு பாதி உண்டு. பின்னால் தகவல் அடுக்கி வைக்கிற டேபிள். முன்னால் நாம் டைப் செய்கிற ஸ்கிரீன். அதைத்தான் ஃப்ரன்ட் எண்ட் என்கிறோம். வகுப்பில் பின்பாதியைப் பற்றித்தான் பக்கம் பக்கமாகப் படிக்கிறோம். 1970-ல் எட்கர் காட் எழுதிய கட்டுரையில் ஆரம்பித்து நார்மலைசேஷன் வரைக்கும் பரீட்சையில் கேட்பார்கள். ஆனால் வீட்டு டேட்டாபேஸ் செத்துப்போவது பெரும்பாலும் முன்பாதியால்தான். டைப் செய்கிறவருக்கு அலுத்துப்போனால் கதை முடிந்தது.

நல்ல ஃப்ரன்ட் எண்ட் எப்படி இருக்கணும்னு தெரிய புத்தகம் வேண்டாம். அடுத்த கல்யாணத்தில் மொய் எழுதுறவர் பக்கத்தில் பத்து நிமிஷம் நில்லுங்க. 'எந்த ஊரு? யார் பேருக்கு? எவ்வளவு?' மூணே கேள்வி. எழுதினதும் அடுத்த ஆள். தேதி கேட்க மாட்டார்; நோட்டின் முதல் பக்கத்திலேயே இருக்கு. ஊர் தெரிஞ்ச ஆளா இருந்தா ஊரையும் கேட்க மாட்டார். பேர் எழுதாத கவர் வந்தா 'பேர் இல்லை'ன்னு போட்டுட்டுப் போயிட்டே இருப்பார். 'டங்' சத்தமெல்லாம் கிடையாது!

எதை எடுக்கலாம்?

எக்ஸெல் அல்லது லிப்ரே ஆபீஸ் கால்க்: ஒரே ஒரு பட்டியல்தான், டைப் செய்வது ஒரே ஆள்தான் என்றால் இதுவே போதும். நிறைய பேருக்குத் தெரியாத விஷயம், இரண்டிலுமே ரெடிமேட் ஃபார்ம் இருக்கிறது. கால்க்கில் 'டேட்டா' மெனுவிலேயே கிடைக்கும். எக்ஸெல்லில் 'ஃபார்ம்' என்ற பட்டனை நாமே தேடி மேலே உள்ள டூல்பாரில் சேர்த்துக்கணும். பிறகு ஒவ்வொரு வரியும் ஒரு குட்டி ஸ்கிரீனாக வரும். பக்கத்து வரியில் தெரியாமல் அடித்துவிடுகிற பயம் இல்லை.

ஆனால் எக்ஸெல்லுக்கு அதிகப்பிரசங்கித்தனம் ஜாஸ்தி. கதவு எண் 3/4 என்று அடித்தால் தேதியாக மாற்றிவிடும். சென்னை எஸ்.டி.டி. கோடு 044 என்று அடித்தால் முன்னால் உள்ள பூஜ்யத்தை முழுங்கிவிடும். இந்தத் தேதித் தொல்லை தாங்காமல், மனித ஜீன்களுக்குப் பெயர் வைக்கும் சர்வதேசக் குழுவே சில ஜீன்களின் பெயரை மாற்றி 2020-ல் அறிவித்தது. 'மார்ச் 1' என்பது போல் இருந்த ஜீன் பெயரை எக்ஸெல் மார்ச் மாதத் தேதி ஆக்கிவிட்டதாம்! ஜீனுக்கே இந்தக் கதி என்றால் நம்ம கதவு எண் எம்மாத்திரம்? அந்த மாதிரி காலங்களை முதலிலேயே 'டெக்ஸ்ட்' என்று மாற்றி வைத்துவிடுங்கள்.

கூகுள் ஃபார்ம்ஸ்: அம்மா கையில் போன்தான் இருக்கு, கம்ப்யூட்டர் பக்கமே வரமாட்டாங்க என்றால் இதுதான் சரி. ஃபார்மில் அடிப்பது தானாக ஷீட்டில் போய் உட்காரும். அண்ணன் கோயம்புத்தூரில், நீங்கள் ஹாஸ்டலில், அம்மா வீட்டில் என மூணு பேரும் ஒரே நேரத்தில் ஏற்றலாம். குறை என்னன்னா, பழைய வரியைத் தேடவோ திருத்தவோ ஷீட்டைத் திறந்தாகணும். நெட் இல்லாத மண்டபத்தில் கதை கந்தல். சொந்தக்காரர்களின் பணக் கணக்கு என்பதால், லிங்க்கை ஃபேமிலி குரூப்பில் போடுவதற்கு முன் யாருக்கெல்லாம் ஷீட் தெரியும் என்பதை ஒரு தடவை சரிபாருங்கள்.

மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ்: 1992-ல் வந்தது. ஃபார்ம் போடுவதற்கு இதை விட சுலபமான ஆள் கிடைப்பது கஷ்டம். காசு கொடுத்து வாங்கணும், விண்டோஸில் மட்டும்தான் ஓடும். வீட்டு கம்ப்யூட்டரில் ஏற்கனவே இருந்தால் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

லிப்ரே ஆபீஸ் பேஸ்: இலவசம். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். ஃபார்ம் விஸார்ட் கையைப் பிடித்துக் கூட்டிப்போகும். சில வேலைகளுக்கு ஜாவா கேட்கும். நடுவில் கரன்ட் போனால் ஃபைல் கெட்டுப்போகிற அபாயம் உண்டு. அதனால் அடிக்கடி சேவ் செய்து, வாரம் ஒரு காப்பி பென்டிரைவில்.

எஸ்.க்யூ.லைட்: ரிச்சர்ட் ஹிப் 2000-ல் வெளியிட்டது. உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்குள்ளும் இருக்கிறது. பின்பாதிக்குத் தங்கமான சரக்கு. ஆனால் அதைத் திறந்து பார்க்கிற டூல்கள் நமக்கானவை, அம்மாவுக்கானவை அல்ல. 'டேபிளைத் திறந்து, நியூ ரெக்கார்டு அமுக்கி...' என்று ஆரம்பித்தாலே அம்மா அடுப்படிக்குப் போயிடுவாங்க.

நானே எழுதுறேன்: எழுதுங்க, கத்துக்க அதைவிட நல்ல வழி இல்லை. ஆனா ஒரு கேள்வி. நீங்கள் வேலை கிடைத்து பெங்களூரு போன பிறகு, கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்தால் அதை மறுபடி ஏற்றித் தர வீட்டில் யார் இருக்கிறார்கள்?

ஒரு டேபிளா, ரெண்டா?

இங்கேதான் நிறைய பேர் சறுக்குகிறோம். போடி பெரியப்பா அக்கா கல்யாணத்துக்குச் செய்தார், காதுகுத்துக்கு அனுப்பினார், நாமும் அவர் வீட்டுக்குச் செய்தோம். ஆள் ஒருத்தர், வரவு செலவு பல. ஒரே டேபிளில் போட்டால் அவர் பெயரை மூணு தடவை மூணு விதமாக அடிப்போம். கூட்டிப் பார்க்கவே முடியாது. அதனால் 'ஆட்கள்' ஒரு டேபிள், 'மொய்' ஒரு டேபிள். ஆக்சஸிலும் பேஸிலும் இதற்கு ஃபார்முக்குள் ஃபார்ம் வைக்கிற வசதி இருக்கு. மேலே ஆள், கீழே அவரோடு நமக்கு இருக்கிற கொடுக்கல் வாங்கல் மொத்தமும். விசேஷத்துக்கு முந்தின நாள் வீட்டில் தேவைப்படுவது அந்த ஒரு ஸ்கிரீன்தான்.

வெறும் புத்தகப் பட்டியல், கேஸ் சிலிண்டர் கணக்கு என்றால் ரெண்டு டேபிள் தேவையே இல்லை. ஷீட் போதும்.

கட்டம் வைக்கிற கலை

என் பதினாலு கட்டம் இப்போ ஆறாகிவிட்டது. ஊர், பேர் (அப்பா பேரோடு), கூப்பிடுற முறை, விசேஷம், தொகை, பொருள். கடைசிக் கட்டம் குத்துவிளக்கு, எவர்சில்வர் குடம், மோதிரத்துக்கு. தொகையில் எண் மட்டும்தான் விழும். ஊர் பட்டியலில் இருந்து தேர்ந்தெடுப்பது. இல்லாவிட்டால் 'உசிலம்பட்டி', 'உசிலை' என்று ஒரே ஊர் ரெண்டாகிவிடும். விசேஷத்தின் பெயரை ஒரு தடவை போட்டால் அதுவே தொடரும். பேர் இல்லாத கவரும் உள்ளே போகும். என்டர் தட்டினால் அடுத்த கட்டம், கடைசியில் தட்டினால் அடுத்த ஆள். மவுஸைத் தொடவே வேண்டாம்.

தமிழில் அடிப்பதென்றால் யூனிகோடில் மட்டும் அடியுங்கள். பழைய ஃபான்ட்டில் அடித்தது அந்த ஃபான்ட் இல்லாத மெஷினில் வெறும் கிறுக்கல்.

இன்னொன்று, வெளியே வரும் வழி. எதை எடுத்தாலும் சி.எஸ்.வி. ஃபைலாக மொத்தத்தையும் வெளியே எடுக்க முடியுதான்னு முதல் நாளே பாருங்க. ஒரு காலத்தில் கடைக்குக் கடை ஃபாக்ஸ்ப்ரோதான். 2015 ஜனவரியோடு அதன் கடைசிப் பதிப்புக்கும் மைக்ரோசாஃப்ட் கைகழுவிவிட்டது. சாஃப்ட்வேர் போகும், மொய் போகக்கூடாது.

கடைசியா ஒரு பரீட்சை. பழைய நோட்டில் இருபது வரியை அம்மாவிடமோ அப்பாவிடமோ கொடுத்து ஏற்றச் சொல்லுங்க. நீங்கள் பின்னால் நின்று வாயைத் திறக்காமல் பாருங்க. கை எங்கே நிற்குதோ, அந்தக் கட்டம் தப்பு. அவங்க மேல தப்பு இல்லை. அதைத் தூக்குங்க, இல்லை மாத்துங்க. மறுபடி இருபது வரி. நோட்டில் எழுதுற வேகத்துக்குப் பக்கத்தில் வந்துட்டா பாஸ்.

எங்க வீட்டில் அந்தப் பரீட்சை லேட்டாகத்தான் நடந்தது. அப்பா நோட்டை வாசிக்க, அம்மா அடிச்சாங்க. நானூறு வரியும் ஏறியது. 'கூப்பிடுற முறை' கட்டம் வரும்போதெல்லாம் ரெண்டு பேரும் நிறுத்திப் பேசினாங்க. 'சின்னமனூர் ராமசாமி யாரு?' 'உங்க அப்பாவுக்கு வண்டி மாடு வாங்கிக் குடுத்தாரே, அவரு.' சில பேருக்கு ரெண்டு பேருக்குமே தெரியலை. 'ஆச்சி இருந்திருந்தா சொல்லியிருப்பா'ன்னு அப்பா சொன்னார். அந்தக் கட்டங்கள் இன்னும் காலியாகத்தான் இருக்கு.

பெரியம்மா விஷயம்? அடுத்து அவங்க வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு அம்மா 5001 செஞ்சாங்க. பெரியம்மா வாங்கி வச்சுட்டு, 'காசு கெடக்கட்டும், அன்னிக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம்ல?'ன்னு மட்டும் சொன்னாங்களாம்.

அதனால இந்த லீவில் எந்த சாஃப்ட்வேர்னு ரெண்டு நாளுக்கு மேல யோசிக்காதீங்க. ஆறு கட்டம் போடுங்க. நோட்டைத் தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து திறங்க. 'இது யாரு தாத்தா?'ன்னு கேட்டா, பதில் சொல்ல இப்போ ஆள் இருக்கு.