ஷட்டரைப் போட்டோம்

ஓகஸ்ட் மாதத்தில் ஒரு பின்னேரம், எழுவன்குளத்தில் ஒரு மையத்து வீட்டுக்குப் போய்விட்டு வண்ணாத்திவில்லு வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தோம். பஸ்ஸில் புத்தளம் தில்லையடிக்காரர் ஏழெட்டுப் பேர். ரோட்டோரப் பற்றைக்காடு எரிந்துகொண்டிருந்தது. பெரிய நெருப்பில்லை, முழங்கால் உயரம்தான். காய்ந்த கினிப்புல்லைத் தின்றபடி பாலை மரங்களின் அடியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. புகை உள்ளே வந்ததும் முன் சீட்டிலிருந்தவர் "ஷட்டரப் போடுங்க" என்றார். போட்டோம். கொஞ்சத் தூரம் தாண்டியதும் திறந்தோம். பேச்சு வெங்காய விலைக்குத் திரும்பியது.

எல்லார் கையிலும் ஃபோன் இருந்தது. இடர் முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கம் எனக்கு மனப்பாடம். பிள்ளையின் பள்ளிக்கூடக் கட்டுரைக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அன்று நான் அதை அழுத்தவில்லை. வேறு யாரும் அழுத்தவில்லை. "ஆராவது சொல்லியிருப்பாங்க" என்று ஒருவர்கூட வாய்விட்டுச் சொல்லவில்லை, அந்தச் சமாதானம்கூட எங்களுக்குத் தேவைப்படவில்லை.

புகையைப் பற்றிப் பேசத் தெரியாத ஊர் என்று எங்களைச் சொல்ல முடியாது. 2017 ஏப்ரல் 14இல் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து 32 பேர் இறந்த பிறகு, கொழும்பின் குப்பையைக் கொட்ட இடம் தேடினார்கள். சுமார் 170 கிலோமீட்டர் தள்ளி, வில்பத்துக் காட்டை ஒட்டிய அருவக்காட்டின் சுண்ணாம்புக்கல் அகழ்விடம் அவர்களுக்கு அகப்பட்டது. 2018இல் புத்தளமே எழுந்து நின்றது. கடைகளை அடைத்தோம், கறுப்புக்கொடி கட்டினோம், பெண்கள் கைக்குழந்தைகளோடு வந்து குந்தினார்கள். 2019 அக்டோபரில் அருவக்காட்டுக் குப்பை மேட்டில் வெடிப்பு நடந்தபோது "நாங்க சொன்னோமே" என்றோம். நுரைச்சோலையின் 900 மெகாவாட் அனல்மின் நிலையத்துச் சாம்பலுக்காகவும் பேசினோம். சோளகம் வீசும் மாதங்களில் அந்தப் பக்கத்துக் காற்றுத்தானே களப்பைத் தாண்டி எங்களிடம் வருகிறது. சீமெந்துத் தூசுக்காகவும் பேசினோம். அவ்வளவும் நியாயம். அதில் ஓர் எழுத்தைக்கூட நான் திருப்பி எடுக்கவில்லை.

ஆனால் குப்பைக்கு எதிரான ஊர்வலம் முடிந்து வீட்டுக்கு வந்த அதே மஃரிபுக்குப் பிறகு, வேலி மூலையில் குப்பையைக் கூட்டி நெருப்பு வைத்தேன். தயிர் கப், லஞ்ச் சீட், பிள்ளையின் பம்பர்ஸ், தென்னோலை, மட்டை. "எங்கள் காற்றை விடுங்கள்" என்று எழுதி நான் தூக்கிப் பிடித்த அட்டையும் அதற்குள்தான் போனது. எங்கள் ஒழுங்கையில் அன்று நான்கு இடத்தில் புகைந்தது. ஒருவரை ஒருவர் பார்த்து, "இண்டைக்கு நல்ல சனம் என்ன" என்று கதைத்துக்கொண்டோம்.

திறந்த வெளியில் குப்பை எரிப்பதைத் தடைசெய்யும் வர்த்தமானி 2017 செப்டெம்பர் 1இல் வந்துவிட்டது. அதே நாளில் வந்த லஞ்ச் சீட் தடை எங்களுக்குத் தெரியும், சாப்பாட்டுக் கடையில் அதைப் பற்றிப் பேசினார்கள். எரிப்புத் தடையைப் பற்றி யாரும் பேசவில்லை, நாங்களும் விசாரிக்கவில்லை.

குப்பை வண்டி ஒழுங்காக வருவதில்லை என்பதுதான் எங்கள் வழமையான பதில். பாதி உண்மை. மீதிப் பாதி வண்டியோடு சம்பந்தப்படாதது. வேலி மூலையில் நாம் எரிப்பதில் பெரும் பங்கு சருகும் ஓலையும் மட்டையும். இந்த மாவட்டத்தில்தான், லுணுவிலையில், தென்னை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. தேங்காய் மட்டையைத் தென்னைக்குப் பக்கத்தில் குழி வெட்டிப் புதைத்தால் அது மழைநீரை உறிஞ்சிவைத்துக் கோடையில் வேருக்குக் கொடுக்கும், உக்கினால் பொட்டாசியமும் கிடைக்கும் என்று அவர்கள் சொல்லிவருவது இன்று நேற்றல்ல. 2021இல் இரசாயன உர இறக்குமதியை ஒரே இரவில் நிறுத்தினார்கள். கற்பிட்டிப் பக்கத்து மணல் தோட்டங்களில் வெங்காயமும் மிளகாயும் போட்டவர்கள் பசளைக்கு அலைந்தார்கள். அரசாங்கத்தைத் திட்டினோம், திட்டவேண்டியதுதான். திட்டிவிட்டு வந்து, பசளையாகியிருக்க வேண்டிய சருகுக்கு அன்றும் நெருப்பு வைத்தோம்.

காட்டின் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

நாங்கள் 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு வந்தவர்கள். புத்தளத்துச் சனங்கள் இடம் தந்தார்கள், கிணற்றைத் திறந்துவிட்டார்கள். கிடுகுக் கொட்டில்களில் இருந்தோம். நெருப்பென்றால் என்னவென்று அந்த நாளில் எங்களுக்குத் தெரியும்: உம்மா அடுப்பை அணைத்த பிறகும் சாம்பலில் தண்ணீர் தெளித்து, கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் படுப்பார். விறகுக்குப் பற்றைக்காட்டுக்குப் போனோம், களப்போரத்துக்கும் போனோம். அகதிக்கு வேறு வழி இருக்கவில்லை. அதை நான் குற்றமாக எழுதவில்லை. அதற்குப் பிறகு வீடு கல்வீடானது, அடுப்பு காஸ் ஆனது, நெருப்பின் மேலிருந்த பயமும் போய்விட்டது. காடு எங்களுக்கு விறகு தந்ததும் மறந்துபோனது.

2009இல் யுத்தம் முடிந்த பிறகு வடக்கில் முசலிப் பக்கம் எங்கள் ஊர் பார்க்கப் போனோம். இருபது வருடத்துக் காடு எங்கள் வளவுகளை மூடியிருந்தது. துப்புரவாக்கப் போன பலருக்குக் கத்தியோடு நெருப்புப்பெட்டியும் ஒரு கருவி. பிறகு வில்பத்து விவகாரம் வந்தது. 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம், மீள்குடியேற்றத்துக்காகக் காடு அழித்தது சட்டவிரோதம் என்று தீர்ப்புச் சொன்னது. அந்தச் சர்ச்சையில் இனவாதம் இருந்தது, எங்கள் காணியின் நியாயமும் இருந்தது. ஆனால் அதிலிருந்து எங்களுக்கு ஒரு நோய் பிடித்தது. காடு என்ற சொல்லைக் கேட்டாலே வக்கீல்களாகிவிடுகிறோம். யாராவது மரத்தைப் பற்றிப் பேசினால் "இவன் யார்ட ஆள்?" என்று கேட்கிறோம். பாலை எரிந்தால் நஷ்டம் எங்களுக்கும்தான் என்பதைச் சொல்ல எங்கள் மேடைகளில் ஆளில்லை. பாலைப்பழக் காலத்தில் மட்டும் ஆள் உண்டு.

இலங்கையில் காட்டுத்தீ ஏறக்குறைய எல்லாமே மனிதன் மூட்டுவது. இங்கே மின்னல் மழையோடு வருவது. இளம்புல் முளைத்தால் மான் வரும் என்று வேட்டைக்காரன் வைக்கிறான், மாட்டுக்காரன் வைக்கிறான், தேன் எடுக்கப் போகிறவன் பந்தத்தைப் போட்டுவிட்டு வருகிறான். முன்னாளில் சேனைக்கு எரித்தவர்கள் சுற்றிவரச் சருகை ஒதுக்கி, காற்றுப் பார்த்து, ஆள் நிறுத்தி எரித்தார்கள். பிறகு அந்த நிலத்தை வருடக்கணக்கில் ஓயவும் விட்டார்கள். இப்போது ஓய்வும் இல்லை, காவலும் இல்லை. பாலையும் வீரையும் முதிரையும் நிற்கும் எங்கள் பக்கத்து உலர்காடு நெருப்புக்குப் பழகியதல்ல. ஒருமுறை எரிந்த இடத்தில் முதலில் எழும்புவது கினிப்புல். அது வைகாசி ஆனியில் காய்ந்து அடுத்த நெருப்புக்குத் தீனியாகிறது. மெதுவாக வளரும் பாலைக் கன்று இரண்டாவது நெருப்புக்குள் அகப்பட்டால் முடிந்தது. சாம்பல் ஒரு போகத்துக்கு மண்ணுக்கு உரம் போலத் தெரியும். தழைச்சத்து புகையோடு போய்விடும், எஞ்சியதை ஐப்பசி மழை கழுவிக்கொண்டுபோகும். அந்த ரோட்டோரத்து நெருப்பைப் "பெரிய நெருப்பில்லை" என்று நான் எழுதியதும் எங்கள் பழக்கதோஷம்தான்.

காற்றுக்கு எல்லை கிடையாது என்பதை 2022 டிசம்பரில் கண்ணால் பார்த்தோம். மாண்டஸ் புயல் நேரம், இந்தியாவிலிருந்து வந்த மாசுக் காற்று நாட்டை மூடியதால், டிசம்பர் 9ஆம் திகதி பள்ளிக்கூடங்களை மூடினார்கள். மறு வருடம் ஜூனில் கனடாக் காட்டுத்தீயின் புகை டொரொன்டோவை மறைத்தபோது மச்சான் வட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். "பாவம்" என்று பதில் போட்டேன். உம்மா உள்ளறையில் இழுப்போடு படுத்திருந்தார். பனிக்குத்தான் இழுக்கிறது என்று பத்து வருடமாகச் சொல்லிவருகிறோம். தை மாதத்து இரவுகளில் காற்று அசையாது. குளிர்ந்த காற்று கீழே படிந்து, வேலி மூலைப் புகையை வீட்டுக் கூரை உயரத்திலேயே பிடித்துவைக்கும். மயிரிழையின் குறுக்களவில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கே உள்ள புகை நுண்துகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021இல் வைத்த வருடாந்த வரம்பு ஒரு கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராம். இலங்கையின் வரம்பு 25. எங்கள் ஒழுங்கையில் எவ்வளவு என்று யாரும் அளந்ததில்லை, ஆனால் இழுப்புக்காரர் எத்தனை பேர் என்று விரல்விட்டு எண்ணலாம். என் வளவுக்கு இருபுறமும் நான்கு வீட்டில் மூன்று பேர்.

ஊரின் பெயரைப் பற்றியும் ஒன்று. தில்லையடி என்ற பெயருக்குள் இருப்பது தில்லை, களப்போரத்துக் கண்டல் காட்டு மரம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வை கெடும். விறகாக வைத்தால் புகையும் கண்ணைக் கெடுக்கும். அந்த மரத்தின் பெயரைச் சுமக்கும் ஊரில் இருந்துகொண்டு, புகைக்குக் கண்ணை மூடக் கற்றுக்கொண்டோம்.

வழியில் கிடக்கும் முள்ளை எடுத்துப்போடுவதும் ஈமானில் சேர்ந்தது என்று ஓதப்போன காலத்தில் படித்தவர்கள் நாங்கள். குத்பாக்களில் கொழும்புக் குப்பை வந்தது. வேலி மூலை வரவில்லை. வந்திருந்தால் முன் வரிசையில் இருந்து முகம் சுளித்திருப்பவர்களில் நானும் ஒருவன்.

போன கிழமை தென்னைக்குப் பக்கத்தில் ஒரு குழி வெட்டி மட்டையைப் போட்டு மூடினேன். அடுத்த வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் பார்த்து, "என்ன, பூனையா செத்தது?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். சிரித்துவிட்டு, தன் வளவிலும் ஒன்று வெட்டித்தரச் சொன்னார். வரும் ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஒழுங்கை முழுக்கத் தொடங்குகிறோம். மண்வெட்டி இரண்டு இருக்கிறது, இன்னும் மூன்று வேண்டும். நெருப்புப்பெட்டியை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.