பேரப் பிள்ளைகள் வரும் சித்திரை

பங்குனி முடிந்து சித்திரை பிறந்துவிட்டால் எங்கள் பூதப்பாண்டித் தெருக்களில் புதிய குரல்கள் கேட்கத் தொடங்கும். ஆண்டு முழுவதும் முதியவர் இருவர் மட்டுமே உறையும் வீடுகளில், சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்த பேரப் பிள்ளைகள் ஓடியாடுவார்கள். பூட்டிக் கிடந்த அறைகள் திறக்கப்படும். பரணிலிருந்து பழைய பல்லாங்குழிப் பலகை இறங்கும். சில நாட்களில் வீடு மீண்டும் அமைதியாகிவிடும்.

வங்கியில் நெடுநாள் கணக்குப் பார்த்த பழக்கத்தால் இதையும் ஒரு கணக்காகப் பார்க்கிறேன். ஒரு குழந்தை 5 வயது முதல் 12 வயது வரை ஆண்டுதோறும் விடுமுறைக்கு வருவதாகக் கொள்வோம். ஆண்டுக்கு 20 நாட்கள் என்றால் 8 ஆண்டுகளில் 160 நாட்கள். அதன் பிறகு தனிப்பயிற்சி வகுப்புகளும் தேர்வுகளும் வந்து அந்த நாட்களை எடுத்துக்கொள்ளும். ஆக, ஒரு பேரக் குழந்தையோடு நமக்குக் கிடைப்பது அரை ஆண்டுக்கும் குறைவான காலமே. அதிலும் நமது முழங்கால் வலிக்கும் இரத்த அழுத்தத்திற்கும் போகும் நாட்களைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது இன்னும் குறைவு.

இந்தக் குறைந்த முதலை எப்படிச் செலவிடுவது என்பதைப் பற்றியே இவ்வாரம் பேச விரும்புகிறேன். பக்தியைக் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்ற ஆவல் நம் எல்லோருக்கும் உண்டு. ஆனால் உட்கார வைத்து உபதேசம் செய்தால் மூன்றாம் நாளே, 'எப்போது ஊருக்குப் போவோம்?' என்ற கேள்வி எழும். கால் நடந்து, கண் பார்த்து, கை செய்து பழகியதே குழந்தையின் உள்ளத்தில் தங்குகிறது.

ஒரு நாளைக்கு ஒரு கோயில்

வாடகைக் கார் அமர்த்தி ஒரே நாளில் ஏழு கோயில்களைப் பார்த்துவிடும் வழக்கம் பெரியவர்களுக்கு நிறைவு தரலாம். குழந்தைகளுக்கு வெயிலும் வரிசையும் மட்டுமே நினைவில் நிற்கும். ஒரு நாளைக்கு ஒரு கோயில் போதும். காலை 6 மணிக்குப் புறப்பட்டு 10 மணிக்குள் வீடு திரும்பிவிட வேண்டும். கோடையில் பிராகாரக் கற்கள் முற்பகலிலேயே காய்ந்துவிடும். இளம் பாதங்கள் அதைத் தாங்கா.

நாகர்கோவில் நாகராஜா கோயிலை முதலில் காட்டலாம். இங்கிருந்து பேருந்தில் எளிதாகப் போய்விடலாம். மூலவரின் கருவறை இன்றும் ஓலைக் கூரையின் கீழ் இருப்பதைக் குழந்தைக்குச் சுட்டிக்காட்டுங்கள். பெரிய பெரிய கோபுரங்களைப் பார்த்த குழந்தைக்கு, கடவுள் ஓலை வீட்டில் இருக்கிறார் என்பது வியப்பாக இருக்கும். ஆண்டுதோறும் அந்த ஓலையை மாற்றி வேய்வார்கள். கருவறையில் எடுக்கும் மண்ணே பிரசாதம். அம்மண் ஆறு மாதம் கறுத்தும் ஆறு மாதம் வெளுத்தும் இருக்கும் என்பது மரபு. இப்போது எந்த நிறம் என்று குழந்தையையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். தூண்களில் பார்சுவநாதர், மகாவீரர் ஆகிய சமண தீர்த்தங்கரர்களின் உருவங்களும் உள்ளன. ஒரே கோயிலில் பல காலத்தவர் வணங்கியிருக்கிறார்கள் என்பதை விளக்கம் ஏதுமின்றியே அவை காட்டிவிடும்.

அடுத்து சுசீந்திரம். ஏழு நிலை கொண்ட 134 அடி உயரக் கோபுரத்தின் நிலைகளைக் கீழிருந்து எண்ணச் செய்யலாம். ஒரே கல்லில் 18 அடி உயரம் நிற்கும் ஆஞ்சநேயரின் முன் குழந்தையை நிறுத்தி, 'உன்னைப் போல் எத்தனை பேர் ஒருவர் மேல் ஒருவர் நின்றால் அவர் முகத்தைத் தொடலாம்?' என்று கேட்டால் போதும்; அதற்கு மேல் நாம் பேச வேண்டியதில்லை. இசைத்தூண்களைத் தட்டிப் பார்க்கும் ஆசை எல்லாக் குழந்தைகளுக்கும் வரும். முன்னோர் செதுக்கிய கல், பல்லாயிரம் கைகள் தட்டினால் தேய்ந்துபோகும் என்று சொன்னால் அவர்கள் புரிந்துகொள்வார்கள். ஓசையைக் கேட்க முடியாமற் போனாலும், ஒன்றைப் பத்திரமாகப் பார்த்துவிட்டுத் திரும்பும் பண்பு கிடைக்கும்.

அங்குள்ள தல விருட்சம் கொன்றை. சித்திரை முதல் நாளில் நாஞ்சில் நாட்டு வீடுகளில் கனி காணும்போது கண்ணாடிக்கு முன் வைப்பதும் கொன்றை மலரே. பேரப் பிள்ளைகள் அதற்கு முன்பே வந்துவிட்டால், முதல் நாள் மாலையில் கனித் தட்டை அவர்களைக் கொண்டே அடுக்கச் செய்யுங்கள். அரிசி, வெள்ளரி, மாம்பழம், தேங்காய், பொன், நாணயம், கொன்றைப்பூ ஆகியவற்றை எங்கே வைப்பது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். விடியலில் கண்ணை மூடியபடி அழைத்து வந்து திறக்கச் சொல்லும்போது, தாம் அடுக்கியதையே தாம் புதிதாகக் காண்பதுபோல் மகிழ்வார்கள். கைநீட்டமாக நாம் கொடுக்கும் நாணயத்தை அவர்கள் நெடுநாள் வைத்திருப்பார்கள்.

தோவாளைப் பூவும் குழந்தையின் கையும்

எங்கள் வட்டத்தின் பெருமை தோவாளைப் பூச்சந்தை. விடியுமுன்பே வியாபாரம் தொடங்கிவிடும். பிச்சி, மல்லிகை, சம்பங்கி, கேந்தி, வாடாமல்லி, துளசி, மரிக்கொழுந்து என்று குவியல் குவியலாகக் கிடப்பதைக் காணும் குழந்தை, நகரத்துக் கடையில் முழம் போட்டு விற்கும் பூவை அதன் பிறகு வேறு கண்ணோடு பார்க்கும்.

தோவாளையின் மாணிக்க மாலைக்கு 2025-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. வெள்ளை அரளி, சிவப்பு அரளி, பச்சை நொச்சி இலை ஆகியவற்றை மடித்து, பாய் முடைவதுபோல் தட்டையாகக் கட்டும் அருங்கலை அது. தூரத்திலிருந்து பார்த்தால் மாணிக்கக் கற்களைப் பதித்ததுபோல் தோன்றும். அந்த விரல் வேலையைக் குழந்தைகள் சற்று நேரம் நின்று பார்க்கட்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அரளிச் செடியின் இலை, பூ, தண்டு அனைத்தும் நஞ்சுடையவை. கேரளத்தில் அரளியைத் தின்ற ஒருவர் இறந்ததாகச் செய்தி வந்ததைத் தொடர்ந்து, 2024 மே மாதத்தில் திருவிதாங்கூர் தேவஸ்வம் வாரியம் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளியைச் சேர்ப்பதை நிறுத்தியது. கைதேர்ந்தவர்கள் மாலை கட்டுவதில் அச்சமில்லை. ஆனால் எதையும் வாயில் வைக்கும் வயதினரிடம் அரளியைக் கொடுக்க வேண்டாம். அவர்களுக்குக் கேந்தியும் பிச்சியும் துளசியுமே போதும்.

மாலை கட்டும் வேலையை வயதுக்கேற்பப் பிரித்துக் கொடுக்கலாம். நான்கைந்து வயதுக் குழந்தை பூக்களை நிறவாரியாகப் பிரித்து இரண்டிரண்டாக அடுக்கி வைக்கட்டும். ஆறு, ஏழு வயதில் கேந்திப்பூவை ஈர்க்கில் கோத்துச் சிறு சரமாக்கலாம். எட்டு வயதுக்கு மேல் வாழை நார் பழகலாம். நாரை நீரில் நனைத்து மென்மையாக்கி, இரு பூக்களின் காம்பின்மேல் எதிர்ப்புறமாக இரு பூக்களை வைத்து, நாரைச் சுற்றி முடிச்சிட்டு இறுக்க வேண்டும். முதல் நாள் முடிச்சு நழுவும். இறுக்கினால் காம்பு அறுந்துவிடும். நாம் குறுக்கே புகுந்து சரிசெய்யாமல் இருப்பதே அங்கே நமக்குரிய தவம்.

சென்ற கோடையில் என் பேத்தி ஏழெட்டு அங்குல நீளத்தில் ஒரு சரம் கட்டினாள். ஓரிடத்தில் நெருக்கமாகவும் ஓரிடத்தில் வெறும் நாராகவும் இருந்தது. அதைப் பூதலிங்கசுவாமி கோயிலுக்குக் கொண்டுபோய், "சாமி இதை வாங்கிக்குவாரா?" என்று போற்றியிடம் அவளே கேட்டாள். அவர் ஒன்றும் சொல்லாமல் இலையோடு வாங்கிச் சென்று, சிவகாமி அம்பாளின் திருவடியில் வைத்தார். மறுநாள் எழுப்பாமலேயே விடியற்காலையில் எழுந்து, அது அங்கே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றாள். நிர்மாலியம் களைவது என்றால் என்ன என்பதை அன்று அவள் அறிந்துகொண்டாள். சற்று வாட்டத்தோடு, "நான் ஊருக்குப் போன பிறகு யார் பாட்டா கட்டுவாங்க?" என்று கேட்டாள். நான் கட்டுவதாகச் சொன்னேன். சொன்ன சொல்லுக்காக வெள்ளிக்கிழமைதோறும் கட்டி வருகிறேன். தொலைபேசியில் அவள் என்னிடம் முதலில் கேட்கும் கேள்வி இன்றும் அதுவாகவே இருக்கிறது.

ஓலையும் நுங்கும்

வெயில் ஏறிய பின் 11 மணி முதல் 4 மணி வரை வீட்டிற்குள் இருக்க வேண்டிய நேரம். கைபேசி தலைகாட்டுவதும் அப்போதுதான். அதைப் பிடுங்கினால் அழுகையும், அதைத் தொடர்ந்து மருமகளோடு மனத்தாங்கலும் வரும். பிடுங்காமல், பக்கத்தில் ஒரு தென்னங்கீற்றைக் கொண்டுவந்து போட்டுவிட்டு நாம் பாட்டுக்கு முடையத் தொடங்கலாம். சிறிது நேரத்தில் குழந்தை தானே அருகில் வந்து உட்காரும்.

குருத்தை வெட்ட வேண்டாம், மரத்திற்குக் கேடு. கீழே விழுந்த பச்சை மட்டையே போதும். ஈர்க்கை நீக்கிய ஓலையில் காற்றாடி, பாம்பு, பந்து, கைக்கடிகாரம், கிளி என்று எத்தனையோ செய்யலாம். நம்மில் பலருக்கு விரல்கள் மறந்திருக்காது. மறந்திருந்தால் பக்கத்து வீட்டு மூதாட்டிக்கு நினைவிருக்கும். அவரைத் திண்ணைக்கு அழைத்துவிட்டால் அவருக்கும் அன்றைய பொழுது இனிதாகும். நுங்கு வாங்கிய நாளில், தின்ற பின் மீந்த இரு மட்டைகளைக் குச்சியால் இணைத்து, கவைக்கம்பால் தள்ளினால் நுங்கு வண்டி தயார். கத்தி, அரிவாள் வேலைகளை மட்டும் பெரியவர்களே செய்ய வேண்டும். மாலையில் அந்த ஓலைக் கிளியையும் தோரணத்தையும் பூஜையறை வாசலில் கட்டச் சொல்லுங்கள். கோணலாக இருந்தாலும் அவிழ்த்துத் திருத்த வேண்டாம்.

நீர்நிலைகளில் கவனம்

கோடை என்றால் பழையாறும் குளங்களும் குழந்தைகளைக் கூப்பிடும். அவை நாம் நீந்திக் களித்த இடங்கள் என்பதாலேயே நமக்கு அச்சம் குறைவு. நகரத்துப் பிள்ளைகளில் பலருக்கு நீச்சல் தெரியாது; படிக்கட்டின் பாசியும் அடிச் சேறும் அவர்களுக்குப் பழக்கமில்லை. கீரிப்பாறைக்கு அப்பாலுள்ள காளிகேசத்தில் காளியம்மன் கோயிலும் ஆறும் காடும் சேர்ந்து மனத்தைக் கவரும். ஆனால் மலையில் கோடை மழை பெய்தால், கீழே வானம் தெளிவாக இருக்கும்போதே நீர் திடீரென்று பெருகும். பாறைகளும் வழுக்கும்.

இதில் நம் வயதினர் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு குழந்தை நீரில் தவறினால் ஓடிச் சென்று எடுக்கும் வலிமை நம் கால்களுக்கு இல்லை. ஆகவே நீந்தத் தெரிந்த இளையவர் ஒருவர் உடன் இல்லாமல் பேரப் பிள்ளைகளை நீர்க்கரைக்கு அழைத்துச் செல்வதில்லை என்று உறுதி கொள்ளுங்கள். மகனோ மருமகனோ வரும் நாள்வரை அந்த உலாவைத் தள்ளிப்போட்டால் குறைந்துபோவது ஏதுமில்லை.

கடலோரத்து முழுநிலவு

விடுமுறைக்குள் சித்ரா பௌர்ணமி வந்தால் கன்னியாகுமரிப் பயணத்தை அன்றைக்கே வைத்துக்கொள்ளலாம். மேற்கில் சூரியன் இறங்கும் வேளையிலேயே கிழக்கில் கடலுக்கு மேல் முழுநிலவு எழும். பகவதி அம்மனைத் தரிசித்துவிட்டு 5 மணிக்கே கரையில் இடம் பிடித்து அமர்ந்துவிடுங்கள். கூட்டம் மிகுதியாக இருக்கும்; பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டு ஒன்று குழந்தையின் சட்டைப்பையில் இருக்கட்டும். மேகம் மறைத்துவிட்டால் ஏமாற்றம்தான். அப்போதும் மூன்று கடல்களின் நீரில் கால் நனைத்து, வேகவைத்த கடலையைக் கொறித்துக்கொண்டு ஒரு குழந்தையின் அருகில் அமர்ந்திருந்த மாலை நமக்குக் கிடைக்கும்.

இவ்வளவையும் படிக்கும் அன்பர்களில் சிலருக்கு, பேரப் பிள்ளைகள் கடல் கடந்த நாடுகளில் இருப்பார்கள். இந்த ஆண்டும் வர இயலாது என்று செய்தி வந்திருக்கும். அந்த வெறுமையை நான் அறிவேன். உங்கள் தெருவிலேயே, பெற்றோர் இருவரும் வேலைக்குப் போய்விட, விடுமுறையில் வாசலில் தனியே நிற்கும் குழந்தை ஒன்று இருக்கக் கூடும். பெற்றோரிடம் கேட்டு அனுமதி பெற்றுக்கொண்டு, திண்ணையில் ஒரு தென்னங்கீற்றையும் ஒரு கூடைப் பூவையும் வைத்து அழைத்துப் பாருங்கள். ஓலை முடையவும் பூத்தொடுக்கவும் தெரிந்த கைகள் வருங்காலத்தில் எந்த வீட்டில் இருந்தாலும், அவை தொடுக்கும் பூ கோயிலுக்குத்தானே வரப்போகிறது.

அன்பர்கள் இல்லங்களில் இக்கோடை நோயின்றியும் இடரின்றியும் கழிய, சிவகாமி அம்பாள் உடனுறை பூதலிங்கசுவாமியை வேண்டுகிறேன்.