அதிசய ஆயுதங்களின் விலை

இரண்டாவது மகாயுத்தத்தில் ஜெர்மனி வீழ்ந்து எண்பது வருஷங்களாகியும், அந்நாடு படைத்த 'அதிசய ஆயுதங்கள்' மீதுள்ள மோகம் தணிந்தபாடில்லை. ஹிட்லருக்கு இன்னும் ஓராண்டு அவகாசம் கிடைத்திருந்தால் அவருடைய ஜெட் விமானங்களும் ராக்கெட்டுகளும் யுத்தத்தின் போக்கையே மாற்றியிருக்கும் என்று படித்தவர்களே பேசக் கேட்கிறோம். இது விஷயத்தை ஆராயாமல் கொண்ட அபிப்பிராயம் என்பதே நமது கருத்து.

ஜெர்மானிய விஞ்ஞானிகளின் திறமையை நாம் மறுக்கவில்லை. மெஸ்ஸர்ஷ்மிட் 262 என்னும் போர் விமானம் 1942-ம் வருஷம் ஜூலை 18-ந் தேதி முதன்முதலாக ஜெட் என்ஜின்களின் பலத்தால் மட்டும் பறந்தது. அதன் வேகம் மணிக்குச் சுமார் 540 மைல். அதே வருஷம் அக்டோபர் 3-ந் தேதி, பால்டிக் கடற்கரையிலுள்ள பீனமுண்டேயிலிருந்து கிளம்பிய ராக்கெட் 50 மைலுக்கு மேல் உயர்ந்தது. பின்னர் வி-2 என்று பெயர் பெற்றது இதுவே.

ஆனால், இவற்றால் விளைந்த பலன் என்ன? நிக்கலும் குரோமியமும் கிடைக்காமையால், மாற்று உலோகங்களைக் கொண்டு செய்த ஜெட் என்ஜின் சில பத்து மணி நேரம்கூட உழைக்கவில்லை. சுமார் 1,400 விமானங்கள் தயாராகியும், போர்முனைக்குச் சென்றவை அவற்றில் ஒரு சிறு பகுதியே. பெட்ரோலும் இல்லை, பழகிய விமானிகளும் இல்லை. அவசரமாக மரத்தால் செய்த ஹைங்கெல் 162 விமானமோ, 1944 டிசம்பரில் முதன்முதல் பறந்த நான்கே நாட்களில், இறக்கையில் பூசிய பசை விட்டுப்போய் விழுந்து விமானியின் உயிரைக் குடித்தது. வி-2 ராக்கெட் சுமந்த வெடிமருந்து ஏறக்குறைய ஒரு டன்தான். கனத்த குண்டு விமானம் ஒன்று ஒரே இரவில் அதைப்போல் பல மடங்கு சுமந்து சென்று, திரும்பி வந்து, மறுநாளும் கிளம்பும். ராக்கெட்டோ ஒருமுறை போனால் போனதுதான். ஒரு பெரிய நகரத்தைத் தவிர வேறெதையும் அதனால் குறிவைக்க இயலவில்லை. 1944 செப்டம்பர் முதல் லண்டனிலும் ஆண்ட்வர்ப்பிலும் அதற்கு இரையானவர்களில் மிகப் பலர் ஆயுதம் ஏந்தாத ஜனங்களே.

இந்த ராக்கெட்டைச் செய்த கைகள் யாருடையவை? இதுவே முக்கியமான கேள்வி. 1943 ஆகஸ்டில் பிரிட்டிஷ் விமானங்கள் பீனமுண்டேயைத் தாக்கிய பின், நார்ட்ஹவுஸன் ஊருக்கு அருகே ஒரு மலையைக் குடைந்த சுரங்கத்திற்குத் தொழிற்சாலை மாறியது. அங்கே 'டோரா' முகாமின் கைதிகள் உழைத்தனர். ருஷியர், போலந்துக்காரர், பிரெஞ்சுக்காரர் எனப் பல தேசத்தவர். மாதக்கணக்காகச் சூரிய வெளிச்சம் காணாமல் சுரங்கத்திலேயே படுத்துறங்கினர். வேலையைக் கெடுத்ததாகச் சந்தேகம் வந்தால், மற்றவர்கள் பார்க்கத் தூக்கிலிடப்பட்டனர். டோராவிலும் அதன் கிளை முகாம்களிலும் அடைபட்ட சுமார் 60,000 பேரில் ஏறக்குறைய 20,000 பேர் மாண்டனர். வி-2 விழுந்து இறந்தவர்களைவிட அதைச் செய்யும் வேலையில் இறந்தவர்களே அதிகம் என்பது சரித்திர ஆசிரியர்களின் கணிப்பு. இப்படி ஓர் ஆயுதம் உலகில் வேறு உண்டா?

வென்றவர்களின் நடத்தையும் நம்மை வெட்கப்படச் செய்கிறது. மேலதிகாரியின் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தேன் என்ற வாதம் நூரம்பர்க் நீதிமன்றத்தில் செல்லவில்லை. ஆனால் அந்த நீதி ராக்கெட் நிபுணர்களை அணுகவே இல்லை. அமெரிக்காவும் ருஷியாவும் போட்டியிட்டு அவர்களை அழைத்துச் சென்றன. எஸ்.எஸ். படையில் பதவி வகித்த வெர்னர் ஃபான் பிரவுன், 1969-ல் மனிதனைச் சந்திரனுக்கு அனுப்பிய ராக்கெட்டைப் படைத்தவர் என்று கொண்டாடப்பட்டார். சுரங்கத் தொழிற்சாலையில் உற்பத்தியை நடத்திய ஆர்தர் ருடால்ஃப், 1984-ல்தான் விசாரணைக்கு அஞ்சி அமெரிக்கப் பிரஜா உரிமையைத் துறந்து வெளியேறினார். திறமை இருந்தால் குற்றம் கரைந்துவிடும் என்பதுதானே இதன் பொருள்?

விஞ்ஞானத்திற்கு நாம் விரோதிகளல்லர். நம் இளைஞர்கள் அதைக் கற்கட்டும், போற்றட்டும். ஆனால் பொருட்காட்சி சாலையில் நிற்கும் வி-2 ராக்கெட்டின் முன் நின்று அதன் உயரத்தை வியப்பவர்கள், அந்த இருட்டுச் சுரங்கத்தில் மடிந்தவர்களையும் ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும். அவர்களை மறந்து ஆயுதத்தை மட்டும் புகழ்வது அறிவுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அடிமைத்தனத்திற்குச் செய்யும் மரியாதையே ஆகும்.